பாவாடை கட்டிய பந்தய நாய்

மூட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. கடல் தாண்டி இருக்கிற என் மகள் இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டுக்கு ஒரு நாய் கொண்டு வந்திருக்கிறாள். குட்டி நாய் இல்லை. பந்தயத்தில் ஓடி ஓடிக் களைத்து, இனி ஓடாது என்று ஓய்வு கொடுத்துவிட்ட கிரேஹவுண்ட் நாய். அந்த ஊரில் இப்படிப்பட்ட நாய்களைத் தத்துக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். பண்டிகை நேரத்தில் நிறையப் பேர் வாங்கிப் போவார்களாம். வீடியோவில் பார்த்தேன். நாலு காலும் மேலே, முதுகு கீழே என்று சோபா முழுக்கப் படுத்திருந்தது.

"ரிட்டயர் ஆனவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது எவ்வளவு சந்தோஷம் தெரியுமாம்மா?" என்றாள் மகள்.

நானும் ரிட்டயர் ஆனவள்தான். என்னை எந்தக் கிறிஸ்துமஸுக்கும் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாளே என்று விழுங்கிவிட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் விழுங்க முடியவில்லை. "இதெல்லாம் எங்க வீட்டுல அப்பவே செஞ்சதுதான்" என்றேன். அவள் நம்பவில்லை. நம் பிள்ளைகள் நாம் சொன்னதில் எதைத்தான் நம்பியிருக்கிறார்கள்? நீங்களாவது நம்புங்கள்.

எங்கள் ஊர், காரைக்குடிப் பக்கத்துக் கல்லலில் இருந்து சைக்கிளில் போய் வரும் தூரத்தில் இருந்தது. எனக்கு அப்போது பாவாடை சட்டை போடும் வயது. அப்பாவுக்கு நெல் வயலும் கொஞ்சம் கடலைக் காடும் உண்டு. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். வயலில் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். சேவல் கட்டு, மாட்டுப் பந்தயம், நாய்ப் பந்தயம் எங்கே நடந்தாலும் அங்கே முன்வரிசையில் நிற்பார். "வேலைன்னா வயித்த வலி, வேடிக்கைன்னா வெரசா வா" என்று அப்பா அவரைத் திட்டுவார். சித்தப்பா அதற்கும் சிரிப்பார்.

நாய்ப் பந்தயம் நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பொட்டல் வெளியில் ஒரு கோடியில் பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருப்பார்கள். ஒருவர் மிதியைக் கையால் வேகமாகச் சுற்றுவார். டயர் இல்லாத பின் சக்கரத்தில் கயிறு சரசரவென்று சுற்றிக்கொள்ளும். கயிற்றின் மறுமுனையில் வைக்கோல் அடைத்த முயல் தோல் துள்ளித் துள்ளி ஓடும். அதைத் துரத்திக்கொண்டு நாய்கள் வரும். வரும் என்றா சொன்னேன்? வந்து முடிந்திருக்கும். கண்ணில் தூசி விழுந்து அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பந்தயம் தீர்ந்து, ஜெயித்தவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருப்பார்.

அப்படிப் பல ஊர்களில் ஜெயித்த ஒரு நாயைத்தான் சித்தப்பா அந்த அரையாண்டு லீவில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். சந்தன நிறம். ஒட்டிய வயிறு, ஊசி மூஞ்சி, மடங்கிய காது. சிப்பிப்பாறைச் சாதி என்று சிலர் சொன்னார்கள். வெள்ளைக்காரன் வைத்திருந்த கிரேஹவுண்டின் கலப்பு என்று அதை வளர்த்தவர் பெருமை பேசுவாராம். பந்தயத்தில் மைக்குக்காரர் அதற்கு 'ராக்கெட்' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் மைக்குக்காரருக்கும் கூட்டத்துக்கும் தெரியும், நாய்க்குத் தெரியாது. பின்னங்காலில் நரம்பு பிசகி, தொடர்ந்து தோற்றதும் வளர்த்தவருக்குக் கசந்துவிட்டது.

"காலையில பாசஞ்சர்ல ஏத்தி விட்டுட்டா மானாமதுரையோ எங்குட்டோ போயிரும்னு சொல்லிக்கிட்டிருந்தாருண்ணே. மனசு கேக்கல" என்றார் சித்தப்பா.

அப்பா நாயைச் சுற்றி வந்து பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கப் போகும்போது அப்படித்தான் பார்ப்பார்.

"குரைக்குமா?"

"பந்தய நாய் எதுக்குண்ணே குரைக்குது? மூச்சு வேஸ்ட்டுல்ல?"

"குரைக்காத நாய்க்குச் சோறு எதுக்குடா? கடலைக்குக் காவல் இருக்குமா? களத்துல நெல்லுக்குக் காவல் இருக்குமா? ஒனக்கே சோறு தெண்டம். இதுல ஒனக்குத் தொணைக்கு ஒண்ணா?"

நான் அதற்குள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது விலகவும் இல்லை, வாலாட்டவும் இல்லை. என் தோளில் தாடையை வைத்து அப்படியே நின்றது. அதன் எடையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அப்பா என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், தீர்ப்புச் சொன்னார்.

"பள்ளிக்கொடம் தொறக்குற வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள குரைச்சுச்சுன்னா வீட்டோட இருக்கும். குரைக்கலேன்னா தொறக்குற அன்னைக்கிக் காலையில நானே ரயில்ல ஏத்தி விட்டுருவேன்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். கன்றுக்குட்டியைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிக் கொடுத்தவர். நான் நாள் முழுக்க அழுதும் திரும்ப வாங்கவில்லை. அதனால் எனக்கு அந்த லீவு முழுவதும் ஒரே வேலைதான்: நாயைக் குரைக்க வைப்பது.

முதல் சிக்கல் வாசலிலேயே வந்துவிட்டது. அந்த வருஷம்தான் அப்பா வீட்டு நடுக்கூடத்துக்கு ஆத்தங்குடிப் பூக்கல் பதித்திருந்தார். செட்டிமார் வீட்டுத் தளத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கி, ஒரு நல்ல விளைச்சலில் போட்டது. அம்மா தினமும் அதைத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். நாய் நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை வைத்தது. கால் வழுக்கியது. அடுத்த காலை வைத்தது, அதுவும் வழுக்கியது. நாலு காலும் நாலு திசையில் போக, வயிறு தரையில் பட அப்படியே உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. பொட்டலில் காற்றாகப் பறந்த நாய்க்கு எங்கள் வீட்டுக் கூடத்தைக் கடக்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு நாய் பிடிக்காது. வீட்டுக்குள் நாய் வந்தால் அறவே பிடிக்காது. ஆனால் அது நடுங்குவதைப் பார்த்ததும் உள்ளே போய் நாலைந்து நெல் சாக்குகளை எடுத்து வந்தார். வாசலில் இருந்து பின்கட்டு வரை வரிசையாக விரித்தார். நாய் அந்தச் சாக்கின் மேல் மட்டும் அடி பிசகாமல் நடந்து பின்கட்டுக்குப் போனது.

"பூக்கல்லு போட்டது சாக்கு விரிக்கிறதுக்கா?" என்று அப்பா கத்தினார்.

"வாயில்லாச் சீவன் விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா நீங்களா தூக்கிச் சொமப்பீக?" என்றார் அம்மா.

மறுநாள் விடியலில் அப்பா என்னை எழுப்பினார். குரல் தணிந்திருந்தது. "ஆத்தா, அழுகப்படாது. நாய் செத்துப் போச்சு" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். கால்களை நீட்டி, கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நாய் மெல்ல எழுந்து, சோம்பல் முறித்து, கூட்டத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற நாயை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "தூங்குறதாச்சும் ஒழுங்காத் தூங்குதா பாரு" என்று நாயின் மேல் எரிந்து விழுந்தார். ஆனால் 'அழுகப்படாது' என்று சொன்ன அந்தக் குரலை நான் கேட்டுவிட்டேன்.

அம்மாவின் கவலை வேறு. விலா எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அந்தப் பாவி பட்டினி போட்டே கொன்னுருக்கான்" என்றார். அந்தச் சாதி நாய்க்கு எலும்பு தெரிவதுதான் அழகு என்று இப்போது என் மகள் பாடம் எடுக்கிறாள். அன்று யார் கண்டார்? அப்பா சாப்பிட்டு எழுந்ததும் மிச்சச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பழைய ஈயச் சட்டியில் வைத்து அம்மா நாய்க்குப் போடுவார். மிச்சம் என்று பேர். நாளாக நாளாக அப்பாவுக்குப் போடுவதை விட மிச்சம்தான் அதிகமாக இருந்தது. நாய் தின்றுவிட்டு அம்மாவின் சேலையில் வாயைத் துடைக்கும். "சீ, அங்குட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே அம்மா நகராமல் நிற்பார்.

மார்கழிப் பனி வேறு. அதன் தோல் மெல்லியது, ரோமமும் இல்லாததுபோலத்தான். காலையில் வெடவெடவென்று நடுங்கும். அம்மா என் பழைய பூப்போட்ட பாவாடை ஒன்றை எடுத்தார். மஞ்சள் துணியில் பெரிய பெரிய சிவப்புப் பூ. வெட்டி, நாலு காலுக்கு வழி விட்டு, வயிற்றுக்குக் கீழே நாடா வைத்துத் தைத்தார். மாட்டிவிட்டதும் நாய் கம்பீரமாக நின்றது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏழூர்ல ஜெயிச்ச வீரன் மதினி, இப்படிப் பண்ணிட்டீகளே!" என்றார்.

குரைக்கும் வேலைதான் நடக்கவே இல்லை. நான் அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து 'வள் வள்' என்று குரைத்துக் காட்டினேன். தொண்டை கட்டும் அளவுக்குக் காட்டினேன். பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் பதில் சொல்லின. நம் ஆள் மட்டும் தலையைச் சாய்த்து, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கமாகப் போகும்போது, "ரெண்டுல ஒண்ணக் காவலுக்கு வச்சுக்கலாம்டா. ஆத்தா நல்லாக் குரைக்கிறா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள்கள் போய்க்கொண்டிருந்தன. கிறிஸ்துமஸ் முடிந்தால் அப்புறம் பள்ளிக்கூடம் திறக்க எத்தனை நாள் இருக்கப் போகிறது?

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் எதிர்வீட்டு நர்ஸம்மா வீடுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். டிசம்பர் பிறந்ததும் மூங்கில் குச்சியில் வண்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்து வாசலில் தொங்கவிடுவார். உள்ளே பல்பு எரிந்தால் தெருப் புழுதி கூடச் சிவப்பாகத் தெரியும். அந்த நட்சத்திரம் போல இப்போது ஒன்றும் கிடைப்பதில்லை. கடையில் பிளாஸ்டிக்கில் தொங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கிறிஸ்துமஸ் அன்று மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நர்ஸம்மா பெரிய தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அச்சு முறுக்கு, அதிரசம், காரைக்குடி பேக்கரியில் வாங்கிய கேக். எல்லாவற்றின் மேலும் வலை போட்ட துணி. நானும் நாயும் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். புதுச் சேலை சரசரக்க அவர் குனிந்து நாயின் தலையைத் தடவினார். "ஹேப்பி கிறிஸ்துமஸ்டா பாவாடக்காரா" என்றார். நாய் முதல்முறையாக வாலை ஆட்டியது.

அந்த நேரம் பார்த்து, முருங்கை மரத்தில் இருந்து ஒரு காக்காய் விருட்டென்று இறங்கித் துணியை இழுத்துவிட்டு ஒரு அச்சு முறுக்கைக் கொத்திக்கொண்டு கிளம்பியது. நர்ஸம்மா கையை வீசி, யாரும் செய்வதைத்தான் செய்தார்.

"சூ!" என்றார்.

நாம் காக்காயை விரட்டுவதற்குச் சொல்வது 'சூ'. வத்தல் காயப்போட்ட பெண்கள் நாள் முழுக்க அதைத்தான் சொல்கிறோம். ஆனால் நாய்க்காரர்களுக்கு அது வேறு சொல். கயிற்றை அவிழ்த்து, முயலைக் காட்டி, காதுக்குள் 'சூ' என்றால், விடாதே, துரத்து என்று பொருள். அந்த நாய் பிறந்ததில் இருந்து அதன் காதில் விழுந்த ஒரே சொல் அதுதான்.

எனக்குக் காற்றடித்ததுதான் தெரியும். பக்கத்தில் நாய் இல்லை. தெருக்கோடியில் ஒரு மஞ்சள் கோடு போனது. ஓய்வு பெற்ற காலாம், பிசகிய நரம்பாம்! கோழிகள் பறந்தன, சைக்கிளில் வந்தவர் வேலியில் சாய்ந்தார், காக்காய் முறுக்கைக் கீழே போட்டுவிட்டு உயிர் தப்பினால் போதும் என்று கண்மாய்ப் பக்கம் பறந்தது. நாயும் கண்மாய்ப் பக்கம் போனது. ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது.

அது திரும்பி வரவில்லை. நர்ஸம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நல்ல நாளு அதுவுமா என் வாயால போச்சே" என்று அழுதார். அவர் வீட்டு அடுப்பில் பிரியாணி காத்திருந்தது. யாரும் அதை நினைக்கவில்லை. தெருவே தேடக் கிளம்பியது. சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிரே வருகிறவர்களிடம் எல்லாம், "பூப்போட்ட பாவாடை கட்டுன நாயைப் பாத்தீகளா?" என்று கேட்டார். பாதிப் பேர் சித்தப்பாவுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள். மீதிப் பேர் சரியாகப் பார்த்திருந்தார்கள். "கண்மாய்க் கரைப் பக்கம் போச்சு" என்று கை காட்டினார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் கலுங்கின் மேல் அதைக் கண்டோம். கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கல் கட்டுமானம்தான் கலுங்கு. அந்த வருஷத்து மழைக்கு நல்ல தண்ணீர், பாசி பிடித்த கல்லின் மேல் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் நாய் நின்றது. எதிர்க்கரையில் காக்காய் உட்கார்ந்திருந்த பனைமரத்தைப் பார்த்தபடி, பாவாடை நனைந்து தொங்க, அசையாமல் நின்றது. ஒரு அடி வழுக்கினால் கீழே கருங்கல் பாறை.

எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டோம். "வா, வா!" "ஜிம்மி!" "மணி!" "ராக்கெட்டு!" ஒருவர் நாக்கை மடித்துச் சீட்டி அடித்தார். ஒருவர் கருவாட்டுத் துண்டைக் காட்டினார். நாய் எங்களைப் பார்த்தது. வரவில்லை. சித்தப்பா மெல்ல நெருங்கினார். அது பின்வாங்கியது, பின்னங்கால் தண்ணீரில் இறங்கியது. "நிறுத்துடா!" என்று நர்ஸம்மா அலறினார். அதற்குள் எதிர்க்கரையில் நின்ற ஒரு புத்திசாலி, நாயை எங்கள் பக்கம் விரட்டி விடுவதாக நினைத்துக்கொண்டு, "சூ! சூ!" என்றார். கலுங்கின் மேலேயே அது பனைமரத்தை நோக்கிப் பாய்ந்தது. சறுக்கியது, விழுந்தது, எழுந்தது, மறுபடி நின்றது. எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை. அதற்குப் போகச் சொன்னால் தெரியும். வரச் சொல்லி யாருமே அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பந்தயம் முடிந்ததும் யாராவது வந்து கழுத்தில் கயிறு போட்டு இழுத்துப் போவார்கள், அவ்வளவுதான். யாரும் அதைக் கூப்பிட்டதே இல்லை.

வயலில் இருந்து அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார்.

"சாப்பாடு போட்ட வீட்ட விட்டு ஓடுன நாயி. நன்றி கெட்டது. போறதுன்னா போகட்டும். எனக்கு ரயிலுக்குப் போற வேலை மிச்சம்."

"அது ஓடலப்பா. நாமதேன் ஓடச் சொன்னோம்" என்று நான் கத்தினேன். அப்பாவை எதிர்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. போகட்டும் என்று சொன்னவர், தான் மட்டும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா. இத்தனை பேரு நின்னா அது எப்படி வரும்?" என்று அதட்டினார். ஊர்க்காரர்கள் கலைந்தார்கள். நாங்கள் மட்டும் நின்றோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நர்ஸம்மா, நான்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நாய் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. அப்பாவும் நின்ற இடத்திலேயே நின்றார். இருவரில் யார் பிடிவாதம் பெரியது என்று சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குக் காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் கூட இறங்கவில்லை. அப்பாவும் சாப்பிடவில்லை. அம்மா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அலுத்துப் போய், தினமும் மாட்டுக் கொட்டகையில் நிற்கும் அப்பாவைக் கூப்பிடும் அதே குரலில், அதே இழுப்பில் கூப்பிட்டார்.

"நேரமாச்சுங்கிறேன்ல? சாப்பிட வாரீகளா?"

அப்பா திரும்பவில்லை. நாய் திரும்பியது.

மடங்கிய காது இரண்டும் நிமிர்ந்தன. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, பாசிக் கல்லைப் பார்த்துப் பார்த்து, அது வந்தது. தண்ணீரைத் தாண்டி, கரை ஏறி, அப்பாவைக் கடந்து, நேராக அம்மாவிடம் வந்து அவர் சேலையில் முகத்தைப் புதைத்தது.

சோற்று நேரம் வந்தால் அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு தடவையில் அப்பா வரமாட்டார், நாலு தடவை கூப்பிட வேண்டும். அப்பா வந்து உட்கார்ந்து எழுந்தால், அடுத்தது ஈயச் சட்டி. அதை நாய் கவனித்திருக்கிறது. நாங்கள் ஜிம்மி என்றும் மணி என்றும் கூவிக்கொண்டிருந்தபோது, அது தன் பெயரை வேறு இடத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தது.

அம்மா கரையில் உட்கார்ந்து, நனைந்த பாவாடையை அவிழ்த்துப் பிழிந்து, தன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே அழுதார். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே அழுதார். சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாத்தீகளாண்ணே? மதினி மரியாதையாக் கூப்பிட்டாத்தேன் வருது."

"அப்ப எனக்கும் நாய்க்கும் ஒரே மரியாதையா?" என்றார் அப்பா.

"அது ஒரு வார்த்தையில வந்துருச்சு. நீங்க இன்னும் நிக்கிறீக" என்றார் அம்மா.

அன்று ராத்திரிச் சாப்பாடு நர்ஸம்மா வீட்டில். ஆறிப் போன பிரியாணியைச் சுட வைத்துப் போட்டார். நாய்க்கும் ஒரு பங்கு வந்தது. யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. பேசாமல் இருந்தால் அப்பா சொன்னதைச் செய்யப் போகிறார் என்று பொருள். நாய் அதற்குப் பிறகும் ஒரு தடவை கூடக் குரைக்கவில்லை. நானும் குரைத்துக் காட்டுவதை விட்டுவிட்டேன். அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, திறந்த கண்ணுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த லீவு கரைந்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்தது. தலையை வாரிப் பின்னி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். அப்பா அன்று சீக்கிரமே குளித்திருந்தார். சட்டை போட்டிருந்தார். சைக்கிள் வாசலில் தயாராக நின்றது. கல்லல் ஸ்டேஷனுக்குப் பாசஞ்சர் வரும் நேரம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அழுதாலும் பயனில்லை என்று கன்றுக்குட்டி விஷயத்தில் கற்றுக்கொண்டிருந்தேன்.

அம்மா பின்கட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா தானே தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய சோறும் வெங்காயமும். ஒரு கை எடுத்தார், வைத்தார். நாய் தன் இடத்தில் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா இங்குட்டும் அங்குட்டும் பார்த்தார். கதவோரம் நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. அவர் ஊரில் யாரையும் மரியாதை போட்டுக் கூப்பிடாதவர்; உடன்பிறந்த தம்பியே அவருக்கு வாடா, போடாதான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட வாரீகளா?" என்றார், மெதுவாக.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடினேன்.